வெக்கை ஒழிந்த வரலாறு: ஆய்வுக்கூடமும் ஆயர் வாய்ச்சொல்லும்

  

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. கொட்டிலில் நின்று அசைபோடும் ஆவும் எருதும் ஒன்று. செல்வம் என்பது மற்றொன்று. மாடே செல்வமாக விளங்கிய காலத்து மாந்தன் இரண்டிற்கும் ஒரே பெயரிட்டான். இஃது இவ்வினத்திற்கு மட்டும் உரிய எண்ணமும் அன்று. இலத்தீன் மொழியில் கால்நடை மந்தையைக் குறித்த பெக்கசு என்னும் சொல்லினின்றே பணத்தைக் குறித்த பெக்கூனியா என்னும் சொல் பிறந்தது. ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், அதனை மீட்டலைக் கரந்தை என்றும் இலக்கணம் வகுத்த மொழி தமிழ். ஆநிரை மீட்டு மாண்ட மறவர்க்கு நட்ட கற்கள் இன்றும் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் நிற்கின்றன.

ஆனால், வேலாலும் வில்லாலும் மீட்கவியலாத ஒரு பகை ஆநிரைகளுக்கு இருந்தது. அதற்குத் தமிழுழவர் இட்ட பெயர் வெக்கை. அந்நோய் இன்று ஞாலத்தில் இல்லை. மாந்தன் தன் முயற்சியால் மண்ணினின்று அறவே ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று, 1980-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்ற பெரியம்மை. மற்றொன்று, 2011-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்ற இவ்வெக்கை. முன்னதை அறியாதார் இலர். பின்னதை அறிந்தார் மிகச் சிலர். அது எவ்வாறு ஒழிந்தது என்னும் வரலாற்றில் தமிழர் கருத்தூன்றிக் கற்கவேண்டிய பாடம் ஒன்று உள்ளது.

முதற்கண் பெயரைப் பாருங்கள். வெயில், வெப்பு, வெம்மை, வெக்கை என்பன யாவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. இந்நோய் கண்ட மாட்டிற்கு முதலில் வருவது கடுங்காய்ச்சல். அடுத்துக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். வாயினுள் புண்கள் தோன்றும். பின் நாற்றமிக்க கழிச்சல் தொடங்கும். உடல்நீர் வற்றி, நோய் தொடங்கிய ஆறு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் மாடு மடியும். முதற்குறி எதுவோ அதனையே பெயராக்கினான் தமிழுழவன். அடைப்பான் என்றும், தொண்டை அடைப்பான் என்றும், சப்பை நோய் என்றும், காணை என்றும் அவன் பகுத்து வழங்கிய பெயர்கள், நோய் தாக்கும் இடத்தையோ தாக்கும் வகையையோ சுட்டுவன. செருமானியர் இதனை மாட்டுக் கொள்ளைநோய் என்னும் பொருளில் இரிண்டர்பெசுட்டு என்றனர். ஆங்கிலரும் அப்பெயரையே எடுத்துக்கொண்டனர். கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியார் சொட்டோக்கா என்றனர்; மாசாய் ஆயர் ஒலோதுவா என்றனர். மாடு மேய்த்த இனங்கள் பலவற்றிற்கும் இந்நோய்க்குத் தனிப்பெயர் இருந்தது. இதனை நினைவில் இருத்துக, பின்னர்ப் பயன்படும்.

இனி, இதன் கொடுமை. இந்நோய் மாந்தரைத் தொற்றாது. ஆயினும் மாந்தரை இலக்கக்கணக்கில் கொன்றது. ஏர் இழுக்கும் எருது சாய்ந்தால் நிலம் தரிசாகும்; நிலம் தரிசானால் குடி மடியும். 1887-இல் இத்தாலியப் படையினர்க்கெனக் கொண்டுவரப்பெற்ற மாடுகளின் வழியே இது எரித்திரியாவின் மசாவாத் துறைமுகத்தில் இறங்கியது. பத்தாண்டுக்குள் ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை சென்றது. தாக்கிய இடங்களில் நூற்றுக்கு எண்பது தொண்ணூறு மாடுகள் மாண்டன. 1888 முதல் 1892 வரை எத்தியோப்பியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் அந்நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். படையெடுத்து வந்த ஐரோப்பியர்க்கு எதிராக நிற்கும் வலிமை, மாடிழந்த குடிகளுக்கு எங்ஙனம் இருக்கும்? ஆப்பிரிக்காவின் அடிமை வரலாற்றில் துமுக்கியின் பங்கைப் பலர் எழுதியுள்ளனர். நோயின் பங்கையும் சேர்த்தே எழுதவேண்டும்.

ஐரோப்பாவும் இதற்குத் தப்பவில்லை. 1711-இல் இத்தாலியில் பரவியபொழுது, போப்பரசரின் மருத்துவர் இலான்சிசி என்பார், நோயுற்ற மாட்டைக் கொன்று சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும், மாடுகளை ஊர்விட்டு ஊர் ஓட்டாமல் தடுக்கவும் வலியுறுத்தினார். 1761-இல் பிரான்சின் இலியோன் நகரில் பூர்செலா என்பார் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவ அரசாணை பெற்றார். அவர் குதிரையேற்றப் பள்ளியின் தலைவர். எனினும் அரசு அவர்க்குப் பொருள் ஈந்ததற்கு மாட்டுக் கொள்ளைநோயின் அச்சமே பெருங்கரணியம். 1920-இல் இந்தியாவினின்று பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் இடையில் பெல்சியத்தின் அண்டுவெர்ப்புத் துறைமுகத்தில் இறங்கியபொழுது நோய் மீண்டும் ஐரோப்பாவிற்குள் புகுந்தது; அதன் விளைவாகவே 1924-இல் 28 நாடுகள் கூடிப் பாரிசில் உலக விலங்குநல அமைப்பைத் தோற்றுவித்தன. ஆக, கால்நடை மருத்துவப் பள்ளி பிறந்ததும் வெக்கையால். உலக அமைப்புப் பிறந்ததும் வெக்கையால்.

பள்ளி பிறந்தபின் ஆய்வு வளர்ந்தது. 1902-இல் துருக்கியில் நிக்கோல், அதில்பே என்னும் இருவர், நுண்ணிய வடிகட்டியினூடும் கடந்து செல்லும் நச்சுயிரியே இந்நோயை விளைப்பது என்று காட்டினர். 1920-களில் இமயமலைச் சாரலின் முக்தேசுவர் ஆய்வகத்தில் எட்வர்ட்சு என்பார் அந்நச்சுயிரியை ஆடுகளில் மீண்டும் மீண்டும் செலுத்தி வலுக்குறைத்துத் தடுப்பூசி கண்டார். 1960-ஐ ஒட்டிக் கெனியாவின் முகுகா ஆய்வகத்தில் வால்ட்டர் பிளவுரைட்டும் அவர் துணைவரும் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் அதனை ஏறத்தாழ 90 முறை தொடர்ந்து வளர்த்து, தீங்கற்றதும் விலை மலிந்ததும் ஒருமுறை இட்டால் வாழ்நாள் முழுதும் காப்பதுமான தடுப்பூசியைப் படைத்தனர். அப்பணிக்காகப் பிளவுரைட்டு 1999-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

மருந்து கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்று எண்ணினர் அரசினர். 1962 முதல் 1976 வரை ஆப்பிரிக்க நாடுகள் பல கூடிப் பெருந்திட்டம் ஒன்றை நடத்தின. நோய் ஏறத்தாழ மறைந்தது. வெற்றி வெற்றி என்று முழங்கிக் கைகழுவினர். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் வெக்கை மீண்டும் ஆப்பிரிக்காவின் குறுக்கே பாய்ந்தது.

அன்பர்களே! இங்கேதான் நின்று எண்ணவேண்டும். மருந்து பொய்க்கவில்லை. பின் எது பொய்த்தது?

முதற்குறை வெப்பம். பிளவுரைட்டின் மருந்து பனிக்கட்டியிலும் குளிர்பெட்டியிலும் இருந்தால்தான் உயிர்த்திருக்கும். சாலை முடியும் இடத்தில் குளிர்பெட்டியும் முடியும். ஆனால் மாடு அங்கே முடிவதில்லை. சாலைக்கு அப்பால், மின்விளக்கிற்கு அப்பால், போர் நிகழும் எல்லைகளுக்கு அப்பால் மேய்ந்த மந்தைகளில் நோய் ஒளிந்திருந்தது. இரண்டாங்குறை செருக்கு. எந்த மந்தையில் நோய் உள்ளது, அஃது எந்த வழியே செல்கிறது என்பதனை அம்மந்தையின் ஆயனிடம் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் பட்டம் பெற்றோர் பலர்க்குத் தோன்றவில்லை.

முதற்குறையை அமெரிக்காவின் தஃபுட்சுப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சார்ந்த செப்ரி மாரினர் தீர்த்தார். அவர் புதுநச்சுயிரியைத் தேடவில்லை. பிளவுரைட்டின் மருந்தையே உறையவைத்து உலர்த்தும் முறையில் திருத்தம் செய்து, குளிர்பெட்டியின்றி ஒரு திங்கள் வரை களத்தில் எடுத்துச் செல்லத்தக்கதாக ஆக்கினார். மருந்து இப்பொழுது ஆயனின் தோள்பையில் ஏறிற்று.

தோள்பையில் ஏறிய மருந்தை இடுவோர் யார்? அந்த ஆயரே! ஆயர் குடிகள் தாமே தேர்ந்து விடுத்த தொண்டர்க்குச் சில கிழமை பயிற்சி அளிக்கப்பெற்றது. எழுதப் படிக்க அறியாதவரும் அவருள் இருந்தனர். 1994-இல் எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் இத்தகைய 20 தொண்டர்கள் ஏறத்தாழ 73,000 மாடுகளுக்கு ஊசியிட்டனர். பல்லாண்டு அரசுக் குழுக்களுக்கு அகப்படாத நோய் அங்கே ஓரிரு ஆண்டில் அடங்கியது. போரில் எரிந்துகொண்டிருந்த தென்சூடானில் 1993-இல் மட்டும் பத்து இலக்கத்திற்கு மேற்பட்ட மாடுகளுக்கு இவ்வாறே ஊசியிடப்பெற்றது. படைகள் புகவியலாத இடத்திலும் மாட்டின்மேல் அன்புடையவன் புகுவான் அல்லனோ?

இரண்டாங்குறையைத் தீர்த்ததே இவ்வரலாற்றின் உயிர்நிலை. 1994-இல் கெனியாவின் சாவோக் காட்டுப்பகுதியில் காட்டெருமைகளும் குடு என்னும் மான்களும் மாண்டன. சில விலங்குகள் கண்பார்வை இழந்தன. ஆய்ந்து பார்த்தபொழுது, முப்பது ஆண்டுகட்கு மேலாக எந்த ஆய்வகமும் காணாத ஒரு கிளை வெக்கை நச்சுயிரி அகப்பட்டது. இத்தனை ஆண்டுகள் அஃது எங்கே இருந்தது? சோமாலியரும் அவர்தம் அண்டைக் குடிகளும் மேய்த்த மாடுகளில் இருந்தது. ஆங்கு அது மென்னோயாக, சிறிது காய்ச்சலும் கண்ணீரும் தந்து, சாவு மிகாமல் ஒளிந்து உலவியது. நூலில் எழுதிய குறிகளையே தேடிய மருத்துவர்க்கு அது தென்படவில்லை.

அப்பொழுது மாரினரும் பிறரும் ஒரு புதுமுறையைக் கையாண்டனர். மருத்துவர் ஆயர் குடிலுக்குச் சென்று அமர்ந்தார். "வெக்கை உளதா?" என்று கேட்கவில்லை, "உம் மாடுகளுக்கு வரும் நோய்கள் எவை? உம்முடைய மொழியில் அவற்றின் பெயர்கள் எவை?" என்று கேட்டார். மண்ணில் கட்டங்கள் கீறப்பெற்றன. மேல்வரிசையில் அவர்கள் சொன்ன நோய்ப்பெயர்கள். பக்கவரிசையில் கண்ணீர், வாய்ப்புண், கழிச்சல், இருமல், சாவு என்னும் குறிகள். ஆயர் கையில் கூழாங்கற்கள். எந்நோய்க்கு எக்குறி மிகுதியோ அக்கட்டத்தில் மிகுதியான கற்களை அவர்கள் வைத்தனர். எந்த ஆண்டில், எந்த மழையில், எந்த நீர்த்துறையில் நோய் கண்டது என்பதனையும் மண்ணிலேயே வரைந்து காட்டினர். எழுதப்படாத நூலகம் ஒன்று கூழாங்கற்களால் திறந்தது.

ஆயர் சுட்டிய திசையில் ஆய்வாளர் சென்றனர். கண்ணீரைப் பஞ்சில் ஒற்றி, ஒரு பட்டையில் இட்டு, மாட்டின் அருகிலேயே சில மணித்துளிகளில் நோயறியும் கருவி இங்கிலாந்தின் பிர்பிரைட்டு ஆய்வகத்தில் உருவாக்கப்பெற்றிருந்தது. குருதியில் எதிர்ப்பொருள் உளதா என்று காணும் முறைகள் நாடுதோறும் ஆய்வகங்களில் நிறுவப்பெற்றன. இவ்வாறு வாய்ச்சொல் வழிகாட்ட, ஆய்வுக்கூடம் உறுதிசெய்ய, நோய் சிறிது சிறிதாகச் சுருங்கியது. 2001-இல் கெனியாவின் மேருக் காட்டில் காட்டெருமைகளில் கண்டதே இறுதி. பத்தாண்டுத் தேடலுக்குப் பின், 2011 மே, சூன் திங்கள்களில் உலக விலங்குநல அமைப்பும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் வெக்கை ஒழிந்தது என்று அறிவித்தன.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோர் காண்பது என்ன? 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-இல் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, இந்தியாவின் மூத்த கல்லூரிகளுள் ஒன்று. 1989-இல் அஃது இந்தியாவின் முதற் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கருவாயிற்று. வெக்கைப் போரில் இம்மண்ணின் பங்கு சிறிதன்று. இந்தியாவில் வெக்கை இறுதியாகக் காணப்பெற்றது தமிழ்நாட்டில்தான், ஆண்டு 1995. அதன்பின் ஊர்தோறும், சந்தைதோறும், மாடு ஓட்டிச் செல்லும் வழிதோறும் தேடல் நிகழ்ந்தது. 2006-இல் இந்தியா இந்நோய்த் தொற்றற்ற நாடாக ஏற்கப்பெற்றது.

ஆனால் வெக்கையின் தம்பி இன்னும் சாகவில்லை. ஆட்டுக்கொல்லி நோய் என்பதே அது. 1942-இல் மேற்காப்பிரிக்காவில் முதலில் விளக்கி எழுதப்பெற்ற இந்நோய், வெக்கையைப்போலவே காய்ச்சலும் கண்ணீரும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் தரும், மூச்சுத்திணறலும் சேரும். இந்தியாவில் இஃது இன்னதென முதன்முதல் அடையாளம் காணப்பெற்றது எவ்வூரில்? விழுப்புரத்தை அடுத்த அரசூரில்! ஆண்டு 1987. அதுவரை ஆடுகளில் இத்தகைய நோய் கண்டால் அதனையும் வெக்கை என்றே மருத்துவரும் எழுதினர், ஆயரும் கருதினர். குறிகளால் இரண்டையும் பிரித்தறிதல் இயலாது. நச்சுயிரியின் மரபுப்பொருளை ஒப்பிட்ட ஆய்வே, இது வேறு நோய் என்று 1989-இல் நிறுவியது. பின்னர்த் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அவ்வூரிற் பெற்ற நச்சுயிரியினின்றே தடுப்பூசி ஒன்றை ஆக்கியது. அரசூர்-87 என்னும் பெயர் உலக ஆய்வேடுகளில் இடம்பெற்றுள்ளது. ஒரு தமிழ்ச் சிற்றூரின் பெயர் உலக அறிவியலில் ஏறியதனைத் தமிழருள் எத்தனை பேர் அறிவர்?

அரசூர் ஓர் எச்சரிக்கையும் ஆகும். பழைய பெயர் ஒன்றே போதும், ஆய்வுக்கூடம் வேண்டா என்பாரை அரசூர் மறுக்கின்றது. ஆங்கே ஆயர் சொல் இரு நோய்களை ஒன்றாக்கியது, ஆய்வே பிரித்தது. ஆய்வுக்கூடம் ஒன்றே போதும், ஆயன் சொல் வேண்டா என்பாரைச் சோமாலிய மேய்ச்சல் நிலம் மறுக்கின்றது. ஆங்கே நூலறிவு ஒன்றையும் காணவில்லை, ஆயன் சொல்லே காட்டியது. இரண்டும் இருகண்கள். ஒருகண்ணை மூடிக்கொண்டு நடப்பவன் ஆழம் அறியான்.

இவ்விரு கண்களுக்கும் இடையே தமிழ்நாட்டில் ஒரு சுவர் நிற்கின்றது. அச்சுவரின் பெயர் அயல்மொழி. வேப்பேரியில் பயிலும் தமிழ்மாணவன் நோய்களையும் குறிகளையும் மருந்துகளையும் ஆங்கிலத்தில் கற்கின்றான். இராமநாதபுரத்துக் கீதாரியோ தன் ஆட்டின் நிலையைத் தமிழில் சொல்கின்றான். அறுவடை முடிந்த வயல்களில் கிடை அமர்த்தி, மாவட்டம் மாவட்டமாக மந்தையை நடத்திச் செல்லும் அவன், எவ்வூரில் எக்கிழமை எத்தனை குட்டிகள் விழுந்தன என்பதனை விரல்நுனியில் வைத்திருக்கின்றான். அவன் சொல் மாணவனுக்குப் புரியவில்லை. மாணவனின் ஆய்வுத்தாள் அவனுக்குப் புரியவில்லை. கென்யக் காட்டில் மாசாய் மொழியைக் கேட்டறிந்தது உலகம். தமிழ்நாட்டில் தமிழைக் கேட்டறியத் தமிழன் பின்வாங்குவது எத்துணை இழிவு!

இஃது உணர்ச்சிக்கு மட்டும் உரிய செய்தியன்று. உயிருக்கும் உடைமைக்கும் உரிய செய்தி. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகினின்று ஒழிப்பதென 2015-இல் முடிவு செய்யப்பெற்றுள்ளது. ஆனால் 2024-இல் அது கிரேக்கத்திலும் உருமேனியாவிலும் தலைகாட்டியது. ஆடு ஏழையின் கைப்பொருள். மகள் திருமணமும் மகன் படிப்பும் அவ்வாட்டில் நிற்கின்றன. எருமையும் காளையும் இல்லாத கைம்பெண்ணின் குடிசையிலும் இரண்டு வெள்ளாடுகள் இருக்கும். அவ்விரண்டும் ஒரு கிழமையில் மடிந்தால் அவளுக்கு எஞ்சுவது எது?

ஆகலின் செய்யத்தக்கன மூன்று. ஒன்று: மாவட்டந்தோறும் ஆயரும் உழவரும் வழங்கும் நோய்ப்பெயர்களையும் குறிச்சொற்களையும் தொகுத்தல் வேண்டும், ஒவ்வொரு பெயரும் எந்நோயைக் குறிக்கின்றது என்பதனை மருத்துவரும் ஆய்வகமும் சரிபார்த்து எழுதுதல் வேண்டும். அறிந்த முதியோர் மறையுமுன் இது முடிதல் வேண்டும். இரண்டு: கல்லூரியில் கால்நடை மருத்துவம் தமிழிலும் கற்பிக்கப்பெறல் வேண்டும், ஆய்வு முடிவுத்தாள் ஆட்டுக்காரன் கைக்குத் தமிழில் வருதல் வேண்டும். மூன்று ஆயர்க்கு உரியது: ஆடு காய்ச்சலுற்றுக் கண்ணும் மூக்கும் ஒழுகினால், அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுதல் வேண்டும், நோயுற்ற ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிப் பிறர் மந்தையில் நெருப்பிடுதல் கூடாது, தடுப்பூசியை மறுத்தலும் கூடாது. ஒருமுறை இட்டால் குறைந்தது மூன்றாண்டுகள் காக்கும் மருந்து அது.

பெருமக்களே! வெக்கை என்னும் சொல் தமிழில் இன்னும் உயிரோடுள்ளது. அந்நோய் மட்டும் இறந்தது. அவ்வாறே ஆட்டுக்கொல்லியும் அகரமுதலியில் மட்டும் வாழும் சொல்லாக வேண்டும். கண்டறியும் கருவி கைக்கு வந்துவிட்டது. காக்கும் மருந்தும் அரசூரிலேயே பிறந்துவிட்டது. எஞ்சியிருப்பது, கற்றவன் ஒருவன் கிடையோரத்தில் சென்று அமர்ந்து, "ஐயா, இந்நோய்க்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று தமிழில் கேட்பதுதான். கேட்பானாக!